முதல் டப்பா

நாளை காலை பத்து மணிக்கு அவனுக்கு ஒரு சாஃப்ட்வேர் வேலைக்கு இன்டர்வியூ. மேசைமேல் மூன்று டப்பாக்கள். முதல் டப்பாவில் இருக்கும் கேள்வி அட்டைகளைத் தினமும் கேட்க வேண்டும். இரண்டாவது டப்பா மூன்று நாளைக்கு ஒருமுறை. மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தப்பாகச் சொன்னால் மறுபடி முதல் டப்பாதான்.

கேள்வி கேட்பது மைத்துனன்.

"லிங்க்டு லிஸ்ட் ஒரு வட்டமா சுத்துதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க அத்தான்?"

"ரெண்டு பாயின்டர். ஒண்ணு மெதுவா, ஒண்ணு வேகமா. வட்டம்னா ரெண்டும் எங்கேயாவது மோதிக்கும்."

"அடேங்கப்பா! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வீங்க போல."

ஒரே ஓர் அட்டை மிஞ்சியது. நாற்பது நாளாக முதல் டப்பாவை விட்டு நகராத அட்டை. அதைப் பார்த்ததும் அவன் டப்பாவை மூடப் போனான்.

"அதை விட்டுடு. நாளைக்குக் கேக்க மாட்டாங்க."

"கேப்பாங்க. போன ரெண்டு இன்டர்வியூவையும் இதுலதானே கோட்டை விட்டீங்க? பதில் சொல்லாம எழுந்து வந்துட்டீங்க."

மைத்துனன் அட்டையை எடுத்தான். குரல் இறங்கிப்போயிற்று.

"ஒன்றரை வருஷமா ஏன் வேலைக்குப் போகல?"

அவன் நாற்காலி விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"என் மனைவி இறந்துட்டாங்க."

முழுசாகச் சொல்லி முடித்தது இதுதான் முதல் தடவை.

இப்போது மைத்துனன் 'சரி' என்று சொல்ல வேண்டும். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நாளைக்கு அங்க இப்படியே சொல்லிடுங்க அத்தான். ஆனா அக்கா செத்துட்டாங்கறதைச் சரின்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அட்டை மறுபடி முதல் டப்பாவில் விழுந்தது.