வெளிவராத ஆய்வு

"போதும் சார்! மூவாயிரத்து இருநூறு கட்டுரைய சல்லடை போட்டுச் சலிச்சாச்சு. நாளைக்கு அறிக்கைய அனுப்பியே ஆகணும்" என்றாள் டாக்டர்.

மருத்துவக் கல்லூரி நூலகர் கணினியிலிருந்து நிமிரவில்லை. "இன்னும் ஒண்ணு வரணும், டாக்டரம்மா."

குழந்தைகளின் வலிப்புக்குத் தரும் ஒரு மருந்து. அதைப் பற்றி இதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது அவள் பொறுப்பு. தேடித் தருவது அவர் பொறுப்பு. எட்டு மாதமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியிருந்தார். தேறிய பத்தொன்பது ஆய்வுகளும் மருந்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின.

"எங்கயுமே இல்லாத ஒண்ணுக்காக எத்தனை நாள் சார் காத்திருக்கிறது?"

"அச்சுக்கு வராததையும் தேடணும்மா. நல்லா முடிஞ்சதுதான் ஊர்வலம் போகும். கெட்டுப்போனத அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிருவாங்க."

மதியத் தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. அவர் எழுதிய பதினோரு கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பதில். ஓய்வுபெற்ற ஆய்வாளர் ஒருவர் அனுப்பியிருந்தார். நூலகர் அதைப் பிரிக்காமலே அவளிடம் நீட்டினார்.

அதே மருந்தைப் பற்றி, பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பாதியில் நிறுத்தப்பட்ட ஆய்வு. நாற்பது குழந்தைகள். மூன்றாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. ஆறு பேர் கல்லீரல் கெட்டு இறந்திருந்தார்கள்.

"ஐயோ... இந்த மருந்த அஞ்சு வருஷமா நான் எழுதிக் குடுத்துட்டிருக்கேன் சார். ரெண்டு குழந்தைங்க... நோய் முத்திருச்சு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னு பெத்தவங்ககிட்ட நானே சொல்லி அனுப்பினேன்."

நாற்காலியில் சரிந்தாள். நூலகர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

அதைக் குடித்து முடித்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது.

"எந்தப் பட்டியல்லயும் இல்லாத ஆய்வு சார் இது. இப்படி ஒண்ணு நடந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நூலகர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். இறந்தவர்களின் பட்டியலில் பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். நான்காவது வரியை மெதுவாகத் தடவிக் கொடுத்தார்.

"இந்தப் பதினேழாம் நம்பருக்கு, சம்மதம்னு கையெழுத்துப் போட்ட அப்பன் நான்தாம்மா."