கண்ணுக்குக் குளிர்ச்சி

முதலாளி கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மனிதர் சொக்கிப்போய்விட்டார் என்று டிசைனர் முடிவே கட்டிவிட்டார்.

அவர் மாய்ந்து மாய்ந்து செய்த புது வெப்சைட் அது. பால் வெள்ளைப் பின்னணி, அதில் இருக்கிறதா இல்லையா என்று சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. படம் மருந்துக்குக்கூடக் கிடையாது. முதலாளி சரி என்றுவிட்டால், காலியாகக் கிடக்கும் தலைமை டிசைனர் பதவி அவருக்குத்தான்.

அதற்குக் குறுக்கே நின்றவர், வெப்சைட்டைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் அக்கா. நேற்றே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எழுத்தைப் பெரிசாக்கு, கறுப்பாக்கு. பார்வை மங்கினவங்க எப்படிப் படிப்பாங்க?"

"அப்படி எத்தனை பேர் அக்கா நம்ம வெப்சைட்டுக்கு வரப்போறாங்க?"

"வர்றதே அவங்கதானே. நாம விக்கிறது ஊன்றுகோலும் காது மிஷினும் சக்கர நாற்காலியும்."

"பக்கத்துல இருக்கிறவங்க யாராவது படிச்சுச் சொல்லட்டும். அதுக்காக அழகைக் கெடுக்க முடியுமா?"

பேச்சு முற்றி, முதலாளியே பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று முடிந்தது. அவரோ எதையும் தானே பார்க்கிற ரகமில்லை. கடிதமோ கணக்கோ, மகள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும்; இவர் தலையாட்டுவார். எல்லாம் பணக்காரப் பந்தா என்று ஆபீசில் பேச்சு. இன்று மகள் ஊரில் இல்லாததால் தனியாக வந்திருந்தார்.

டிசைனர் மவுஸை உருட்டிப் பக்கம் பக்கமாகக் காட்டினார். முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எப்படிங்கய்யா இருக்கு?"

"சுத்தமா இருக்கு. பழசு ஒரே சந்தைக்கடை, கொட்டை கொட்டையா எழுத்து. இது கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு."

"எங்கேயாவது உறுத்துதுங்களா?"

"உறுத்த என்ன இருக்கு?"

டிசைனருக்குத் தலைகால் புரியவில்லை. ஓரக்கண்ணால் டெஸ்டர் அக்காவைப் பார்த்தார், முகத்தில் ஈயாடவில்லை. பாவம் என்றுகூடத் தோன்றியது. பதவிக்கு வந்ததும் முதல் வேலையாக அவரை வேறு பிரிவுக்குத் தள்ளிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

முதலாளி எழுந்து டிசைனர் தோளில் தட்டினார்.

"பழசையெல்லாம் அழிச்சிட்டே, சந்தோஷம். எழுத்தை எப்போ போடப்போறே, தம்பி?"