பத்துச் சோழி

திருவாளர் மெஹபூப் பாஷா அவர்கள், வயது ஐம்பத்தேழு ஆண்டும் நான்கு மாதமும் நிறைந்தவர், அடையாற்றில் உதவி பெறும் பள்ளியொன்றின் கணித ஆசிரியர், எட்டாம் வகுப்பிற்குள் நுழையுமுன் மாடிப்படித் திருப்பத்தில் நின்று தினமும் ஒரு காரியம் செய்வார்.

சட்டையின் இடப் பையிலுள்ள பத்துச் சோழிகளையும் அள்ளி, ஒரே வீச்சில் வலப் பையில் போட்டுக்கொள்வார்.

சோழிகளைக் கொடுத்தவர் பள்ளியின் மனநல ஆலோசகர் ஜுவேரியா. பாடத்தின் நடுவே விசிலடிப்பதும், எழுந்து உலாவுவதுமாக இருந்த மாணவி லாவண்யாவுக்காக அவர் வகுத்த திட்டம் அது.

"அவ ஒழுங்கா உட்காரும்போது, கை தூக்கிப் பேசும்போது, அதைச் சொல்லிப் பாராட்டுங்க சார். ஒரு பாராட்டுக்கு ஒரு சோழி வலப் பைக்குப் போகணும். மணியடிச்சதும் நான் வந்து எண்ணிக்கிறேன்."

"முப்பத்து மூணு வருஷமா கணக்கு நடத்துறேம்மா. இனிமே சோழி உருட்டி ஜோசியம் பார்க்கணுமா?"

"ஆறு வாரம்தான் சார் டைம். அவ மாறலேன்னா டி.சி. கொடுத்து அனுப்பிடுவாங்க."

பாஷா தலையாட்டினார். நாள்தோறும் பத்துச் சோழி கணக்குக் காட்டினார். பாராட்டு மட்டும் அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வரவில்லை.

ஆயினும், இரண்டாம் வாரம் விசில் நின்றது. நான்காம் வாரம் உலாவலும் நின்றது. ஆறாம் வாரம் முடிந்ததும் ஜுவேரியா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"டி.சி. பேச்சையே விட்டுட்டாங்க சார்! உங்க கிளாஸ்லதான் முதல்ல அடங்கினா. அப்புறம்தான் மத்த கிளாஸ்ல. எல்லா டீச்சருக்கும் நீங்கதான் இதைச் சொல்லித் தரணும்."

பாஷாவுக்கு உடம்பு கூசியது. மதிய இடைவேளையில், குழாயடியில் நின்ற லாவண்யாவை அழைத்தார்.

"எப்படிம்மா மாறின?"

"இன்னா சார், தெரியாத மாரி கேக்குறீங்க?" அவள் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "படிக்கட்டாண்ட எல்லாத்தையும் அந்தப் பையில கொட்டிக்கினீங்கல்ல, மொத வாரமே பாத்துட்டேன்."

பாஷா வலப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"யாராண்டயும் சொல்லல சார். நான் ஒழுங்கா இருந்தாத்தான் சோழி மாறும்னு மிஸ்ஸு சொல்லிக்கீறாங்க. அவுங்க எண்ணசொல்ல பத்தும் கீது. நான் விசிலடிச்சிக்கினு சுத்திக்கினு இருந்தா, இந்தப் பத்து எப்டி வந்துச்சுன்னு உங்களத்தான கேப்பாங்க? பெரியவரு நீங்க, மாட்டிக்கினா அசிங்கமாப் பூடும்ல? அதான் கம்முனு குந்திக்கினேன்."

பாஷா வலப் பையிலிருந்த பத்தையும் எடுத்து இடப் பையில் போட்டார். அதிலிருந்து ஒன்றே ஒன்றை வெளியே எடுத்தார்.

"லாவண்யா, நீ செஞ்சது ரொம்ப நல்ல காரியம்மா."

அவர் வாய் திறந்து பாராட்டி, ஒரு சோழி முறைப்படி இடம் மாறிய முதல் நாள்: 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20ஆம் தேதி, புதன்கிழமை.