மாமியார் பிடித்த கை

வேன் கிளம்புவதற்கு முன்பே பெரிய மருமகளுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

பின்னே? ஒரு நாள் கோயில் சுற்றுலா என்று ஆசையாகக் கிளம்பினால், மாமியார் ஏறியதும் ஏறாததுமாக நேரே போய்ச் சின்ன மருமகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மாத்திரை, தண்ணீர் பாட்டில், விசிறி எல்லாம் இருக்கிற பையும் இப்போது சின்னவள் மடியில்.

"நீ முன்னாடி போய் உட்காரும்மா. கைடு பேசறது அங்கதான் நல்லாக் கேக்கும்" என்றார் மாமியார்.

கைடு பேசிக்கொண்டேதான் வந்தார். யார் கேட்டது? பெரியவளின் காது பின் சீட்டிலேயே கிடந்தது.

மாமியாருக்குத் தலைக்கு ஊற்றிவிடுவது அவள். ராத்திரி இருமினால் எழுந்து வெந்நீர் வைப்பது அவள். எங்கே போனாலும் கைப்பிடித்து அழைத்துப் போவதும் அவள்தான். சின்னவளுக்கு என்ன, வெளியூர். லீவுக்கு வருவாள், சிரிப்பாள், போவாள். இந்த முறை வந்து இறங்கியதுமே, எங்ககூட வந்து கொஞ்ச நாள் இருங்களேன் அத்தை என்று தேனாகப் பேசினாள். மாமியார் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வேறு ஒருத்தியாக இருந்தால் விட்டது தொல்லை என்று பெட்டி கட்டிக் கொடுத்திருப்பாள். பெரியவளுக்கு மனசு வரவில்லை. அம்மா முகமே தெரியாமல் வளர்ந்தவளுக்கு எல்லாமே அத்தைதான். அதையும் ஒருத்தி தட்டிக்கொண்டு போவதா?

முதல் கோயிலில் கைடு குடையை உயர்த்திப் பிடித்துத் தூண் தூணாக விளக்கினார். எல்லோரும் அண்ணாந்து பார்க்க, இவள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் தோளைப் பற்றிக்கொண்டு மாமியார் அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தார். எந்தப் பக்கம் முழங்கால் வலி, எந்தப் பக்கம் தாங்கணும் என்றுகூடத் தெரியவில்லை, மருமகளாம் மருமகள்.

பொறுக்க முடியாமல் ஓடிப்போய், நான் பிடித்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினாள். மாமியார் கோழியை விரட்டுகிற மாதிரி கையை வீசி, போ போ என்றார்.

அடுத்து, பழைய சிலைகள் வைத்திருக்கிற காட்சிக்கூடம். அங்கே மாமியாரும் சின்னவளும் பெஞ்சில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் கிட்டே போனதும் பேச்சு கப்பென்று நின்றது. சரிதான், ஊருக்குப் போகத் தேதியே குறித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். எந்தச் சிலைக்கு எத்தனை கை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

கடைசிக் கோயிலில் படிகள் அதிகம். தன்னால் ஏற முடியாது, கீழேயே இருக்கிறேன் என்று மாமியார் உட்கார்ந்துவிட்டார். நானும் இருக்கிறேன் என்றாள் பெரியவள்.

"எனக்குத்தான் சின்னவ இருக்காளே. நீ மேல போய்ட்டு வா."

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என் கையில என்ன முள்ளா இருக்கு அத்தை? காலையிலேர்ந்து விரட்டி விரட்டி விடறீங்க. இவகூடப் போறதா முடிவு பண்ணிட்டா நேரா சொல்லிடுங்க. ஏன் இப்படிக் கொல்றீங்க?"

சொல்லி முடிப்பதற்குள் அழுதே விட்டாள். சின்னவள் திருதிருவென்று விழித்தாள். மேலே போய்க்கொண்டிருந்த நாலு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"இவகூட நான் எதுக்குடி போறேன்? இவளுக்கு என்னைப் பிடிச்சு நடத்தவே தெரியலை. தோள்பட்டை கழண்டே போச்சு."

"அதுக்குத்தான் அக்கா காலையிலேர்ந்து எனக்குத் திட்டு விழுது" என்றாள் சின்னவள்.

"அப்புறம் ஏன் அத்தை?" என்றாள் பெரியவள், மூக்கை உறிஞ்சியபடி.

"எத்தனை கோயிலுக்கு என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கே. ஒண்ணையாவது நீ பார்த்திருக்கியா? நான் தடுக்கி விழுந்துடப் போறேன்னு என் காலையே பார்த்துக்கிட்டு நடந்தே. இன்னிக்கு ஒரு நாளாவது நீ நிமிர்ந்து கோபுரத்தைப் பாக்கணும்னு இவளைக் கெஞ்சிக் கூத்தாடித் துணைக்குச் சேர்த்துக்கிட்டேன். நீ என்னடான்னா, அதையும் பாக்காம நாள் பூரா திரும்பித் திரும்பி என்னையே பார்த்துக்கிட்டு வர்றே."