உள்ளே சொன்னது

"ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கக் கூடாது. உங்க ஹஸ்பண்ட் அந்த ரூமுக்குப் போகட்டும். நீங்க இங்க உட்காருங்க."

விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி ஷாமினி இப்படிச் சொன்னதும் சுலைகா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

அதிராம்பட்டினத்திலிருந்து மலேசியாவின் கிள்ளானுக்குக் குடித்தனம் செய்ய முதல் முறையாக வந்திருக்கிறாள். கூட வந்த கணவன் ஹைதரைக் கதவுக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போய்விட்டார்கள். அவளுடைய பாஸ்போர்ட் ஷாமினியின் கையில்.

"கல்யாணம் எப்போ?"

"போன வருசம், ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சு."

"அதுக்கப்புறம் எவ்வளவு நாள் ஒண்ணா இருந்தீங்க?"

"ஒரு மாசம்கூட இல்ல. அவங்களுக்கு இங்க துணிக்கடை. திரும்பி வந்துட்டாங்க. இப்பத்தான் என்னைக் கூட்டிட்டு வர ஊருக்கு வந்தாங்க."

"அவருக்கு என்ன கலர் பிடிக்கும்?"

"தெரியாது."

"அவரோட கூட்டாளிங்க பேரு?"

"தெரியாது."

"புருசனைப் பத்தி உங்களுக்கு என்னதான் தெரியும்?"

பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுலைகா தலையைக் குனிந்துகொண்டாள். கல்லூரியில் மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கியவள். இங்கே 'தெரியாது' மட்டும்தான் வந்தது. ஒன்று தப்பாகச் சொன்னால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்களோ?

"அவங்க அதிகம் பேச மாட்டாங்க அக்கா. மீன் ஆணம் வச்சா சாப்பிடுவாங்க. நல்லா இருக்கா இல்லையான்னுகூடச் சொல்ல மாட்டாங்க. என்னைப் பிடிச்சிருக்கான்னு எனக்கே தெரியல. உங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?"

கண் நிறைந்துவிட்டது.

ஷாமினி எழுந்தாள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனாள்.

திரும்பி வந்தபோது அதில் முத்திரை விழுந்திருந்தது.

"உள்ள எல்லாத்தையும் செக் பண்ணிட்டாங்க. சரியா இருக்கு. நீங்க போகலாம் தங்கச்சி," என்றவள் குரலைத் தணித்தாள். "உங்க ஹஸ்பண்ட் என்ன சொன்னாரு தெரியுமா? உங்க மீன் கறி மாதிரி எங்கயும் சாப்பிட்டதில்லையாம். நீங்க இல்லாத வீட்டுக்குப் போகப் பிடிக்காம பாதி நாள் கடையிலேயே படுத்துக்கிட்டாராம்."

"அவங்களா சொன்னாங்க?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன் லா? போங்க, வெளிய காத்துக்கிட்டு இருக்காரு."

டேக்ஸியில் கிள்ளான் போகும் வழி முழுக்க சுலைகா வாயை மூடவில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். கொள்கலன் லோரிகளைப் படம் எடுத்து ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினாள். நடுவே நடுவே தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

இவள் இவ்வளவு பேசுவாள் என்பதே ஹைதருக்குத் தெரியாது.

"என்ன, ரொம்பச் சந்தோசமா இருக்கே?"

"என்கிட்டச் சொல்ல மட்டும் வெக்கமா மச்சான்? ஆபீசர்கிட்ட அவ்வளவு சொல்லியிருக்கீங்க. என் மீன் ஆணத்தைப் பத்தி, நான் இல்லாம கடையிலேயே படுத்துக்கிட்டதைப் பத்தி. அந்த அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

ஹைதர் அவள் முகத்தையே பார்த்தான். உள்ளே இருந்த அதிகாரி அவனிடம் கேட்டது கடை விலாசம் ஒன்றைத்தான்.

"ஆமா, சொன்னேன்," என்றான். "இன்னும் சொல்ல நிறைய இருந்துச்சு. அதுக்குள்ள போகச் சொல்லிட்டாங்க."