இரண்டில் ஒன்று

மதிய வெயில் சன்னல் தட்டிகளின் வழியே வரிவரியாக மேசைமேல் விழுகிறது. அங்கே இரண்டு மடிக்கணினிகள். டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் படுக்கையும் நேரமும் ஒதுக்கும் செயலி இரண்டிலும் ஓடுகிறது. இடப்பக்கத்தில் இருப்பது முதலாளியின் மைத்துனர் ஒரு வரி நிரல்கூட எழுதாமல், கட்டங்களை இழுத்துப் போட்டே செய்தது. வலப்பக்கத்தில் இருப்பது முதலாளி ஏஐயிடம் சொல்லி எழுதி வாங்கியது. பத்து வருஷமாக இந்தச் சிகிச்சை மையத்துக்கு நிரல் எழுதுகிறவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். “நீங்கதான் விஷயம் தெரிஞ்சவங்க. ரெண்டுல எதை எடுத்துக்கலாம், சொல்லுங்கம்மா,” என்கிறார் முதலாளி. அவள் இரண்டிலும் ஒரே படுக்கையை, ஒரே நேரத்துக்கு, இரண்டு பேருக்குக் கேட்டுப் பார்க்கிறாள். இடப்பக்கத் திரை முடியாது என்று சிவப்பாக மறுக்கிறது. வேறு படுக்கை தேடித் தர அதற்குத் துப்பில்லை. வலப்பக்கத் திரையோ இருவரையும் ஒரே படுக்கையில் ஏற்றிவிட்டுப் பச்சை டிக் போடுகிறது. பக்கத்தில் நிற்கும் மைத்துனர் வாய்விட்டுச் சிரிக்கிறார். “நாளைக்கு இதையெல்லாம் யார் சார் பாத்துக்குவாங்க?” என்கிறாள். “நம்ம நர்ஸுக்கே பழக்கியாச்சே. தனியா ஒரு ஆள் எதுக்கு?” சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது முதலாளிக்கு உறைக்கிறது. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்துகிறார். அவள் தொடவில்லை. “இடது பக்கத்தையே எடுத்துக்குங்க. முடியாததை முடியாதுன்னாவது சொல்லுது.” என்கிறாள். முதலாளி தலையை ஆட்டிக்கொண்டே எழுந்திருக்கிறார். “போறதுக்குள்ள எல்லாத்தையும் எழுதி வெச்சிடுங்கம்மா. நர்ஸுக்கு ஒத்தாசையா இருக்கும்.” அவள் என்றைக்குப் போகிறாள் என்பதை இதுவரை யாரும் அவளிடம் சொல்லவில்லை.