லோத்மானின் காது

“ஹச்சிக்!”

தாழ்வாரத்துக் கூண்டிலிருந்து தும்மல் கேட்டதும், நிக் லோத்மான் தொழுகைப் பாயை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். “என் கண்ணுக்கு இன்னும் சளி விடலையே, கல்சோம்!” என்று மனைவியைக் கூப்பிட்டு மார்பில் கை வைத்துக்கொண்டார்.

கண்ணு என்றால் புத்ரி. புறா அளவே இருக்கும் செராமாக் கோழி. அது நெஞ்சை நிமிர்த்தி நின்றால் கிளந்தான் மாநிலத்திலேயே நிகர் கிடையாது என்று லோத்மான் சொல்வார். அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை கோத்தா பாருவில் கோழி அழகுப் போட்டி. தும்முகிற கோழியை அங்கே வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே வீட்டிலோ புத்ரியின் தங்கைகளான மற்றக் கோழிகளுக்கும் ஒட்டிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

தங்கைகளைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றியாயிற்று. புத்ரியைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவி, செருப்பு மாற்றிய பிறகுதான் கல்சோம் அந்தப் பக்கம் போகலாம் என்று சட்டம். மூக்குக்குச் சொட்டு மருந்து, தீனியில் பூண்டு, மாலையானால் எலுமிச்சைப்புல் ஆவி.

“போன மாசம் நான் இருமி இருமிச் செத்தேன். சுடுதண்ணி குடின்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டீங்க” என்றாள் கல்சோம்.

“நீ போட்டிக்கா போற?”

“எல்லாம் நம்ம மக பிரசவத்துக்குப் போயிட்டு வந்ததுலேருந்துதான். கோழியை மடியில வச்சுக்கிட்டுக் கோலாலம்பூர் வரைக்கும் போனது உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான்.”

“கல்சோம், காப்பி!” என்று அதட்டல் வந்தது. எழுந்தவள் பாதி வழியில் நின்று பல்லைக் கடித்தாள். கூப்பிட்டது லோத்மான் அல்ல, பக்கத்துக் கூண்டு மைனா. அவர் குரலை அச்சு அசலாகப் பிடித்து வைத்துக்கொண்டு அவளைத் தினமும் அடுப்படிக்கு விரட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கால்நடை மருத்துவர் சுரையா வந்தார். புத்ரியின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், இமையை விலக்கிப் பார்த்தார்.

“மூச்சு சுத்தமா இருக்கு. மூக்குல ஒழுகல் இல்ல, கண்ணுல நுரை இல்ல. இது தும்மினதை நீங்க பாத்தீங்களா?”

“பாக்குறது எதுக்கு டாக்டர்? பொழுது சாஞ்சு கூண்டுக்குத் துணி போட்டப்புறம், அமைதியில காதுகொடுத்துக் கேக்கணும். செராமா வளக்குறவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம்.”

“எதுக்கும் தொண்டையில பஞ்சு தடவி சோதனைக்கு அனுப்பிடலாமே. நிஜமாவே கோழிச்சளிக் கிருமின்னா, சளி ஆறினாலும் உடம்புக்குள்ளேயே தங்கிடும். மத்ததுக்கெல்லாம் ஒட்டும்.”

“என் காதுக்கு மேல ஒரு சோதனையா? உங்க முன்னால அது தும்மாது டாக்டர். மரியாதை தெரிஞ்ச பொண்ணு.”

மருத்துவர் பையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். லோத்மானின் காதில் விழுந்தது ‘ஒட்டும்’ என்ற கடைசி வார்த்தை மட்டும்தான்.

அன்று மாலை பக்கத்து வீட்டு டெராமான் வந்தார். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரலாமா? வாழையிலையில் கட்டிய நாசி கெராபு சோறு இரண்டு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். புத்ரியைக் கேட்டுக் கேட்டு, ‘முட்டைகூடத் தர மாட்டேன்’ என்ற பதிலை வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர் அவர். அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் வந்தாரே என்று கல்சோம் நெகிழ்ந்துபோனாள்.

துணி போட்ட கூண்டுகளின் பக்கமிருந்து “ஹச்சிக்!” என்று கேட்டது.

“ஐயோ, நாளுக்கு நாள் ஏறுது!” லோத்மானுக்குக் கண் கலங்கிவிட்டது. “மத்ததெல்லாம் பிழைக்கணும்னா இவளை அறுக்கத்தான் வேணும். என் கை வருமா?”

“அறுக்கிறதா? மனசு கேக்குதாண்ணே? எங்கிட்ட குடுங்க. என் வீட்டுல வேற கோழியே இல்ல, யாருக்கு ஒட்டப்போகுது? ஒரு மூலையில கிடந்து அதோட ஆயுசை முடிச்சுக்கட்டும்.”

“குடுத்துடுங்க” என்றாள் கல்சோம். “நாம கோலாலம்பூர்ல இருந்தப்போ இந்த மைனாவைக் கொண்டுபோய் வச்சுக்கிட்டு, வேளாவேளைக்குப் பழம் நறுக்கிப் போட்டவரு. நல்லா பாத்துக்குவாரு.”

“ஆனா ஒண்ணுண்ணே. நாளைக்குக் குணமாயிடுச்சுன்னு திருப்பிக் கேக்கக் கூடாது. அப்புறம் உங்க மத்த கோழிக்குத்தான் ஆபத்து.”

“கேக்க மாட்டேன். கல்சோம் சாட்சி. இனி புத்ரி உன்னோடது.” மீதி மருந்தையும், அது போட்டி மேடையில் நிற்கும்போது விரிக்கும் பட்டுத்துணியையும்கூட நினைவாக இருக்கட்டும் என்று கொடுத்தனுப்பினார். டெராமான் வாசலைத் தாண்டும்வரை அழுதார்.

மறுநாள் மாலை. கிருமிநாசினி ஊற்றிக் கழுவிய காலிக் கூண்டு அதே கொக்கியில் தொங்கியது. பழக்கதோஷத்தில் அதற்கும் துணி போட்டுவிட்டு, லோத்மான் அதன் கீழே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“ஹச்சிக்!”

லோத்மான் துள்ளி எழுந்தார். “கல்சோம்! காலிக் கூண்டு தும்முது!”

கல்சோம் வந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். காலிக் கூண்டை விட்டுவிட்டு, அடுத்த கூண்டின் துணியை மெல்ல விலக்கினாள்.

மைனா அவளைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. “ஹச்சிக்!” என்றது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, டெராமானின் அதே குழைவான குரலில் சொன்னது:

“அப்படித்தான் ராசா... இன்னொரு தும்மல் போடு, பழம் தரேன்!”